டி.டி. 214இல் விடுபட்ட பதக்கம்: யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே திருத்தம் கேட்பது எப்படி

அமெரிக்கப் படையில் முழுநேரச் சேவையை முடித்து வெளியேறுபவருக்கு டி.டி. 214 என்ற படிவம் கொடுப்பார்கள். எந்தத் திகதி சேர்ந்தார், எப்போது விலகினார், வெளிநாட்டில் எத்தனை நாள் இருந்தார், எந்தப் பதக்கங்களுக்கு உரியவர் என்பதெல்லாம் அந்தத் தாளில் அடங்கிவிடும். பதக்கங்களுக்கு உரியது 13ஆம் கட்டம். அதில் வரவேண்டியது வராமல் போவது பலருக்கும் நடப்பதுதான். படிவத்தைத் தட்டச்சு செய்பவர் விலகல் அலுவலக எழுதுநர். அன்றைக்கு மின்கோவையில் என்ன இருக்கிறதோ அதை வைத்துத்தான் நிரப்புவார். உங்களுக்கான ஆணை பழைய படைப்பிரிவின் மேசையிலேயே தங்கிவிட்டால், அல்லது நீங்கள் விலகிய பிறகுதான் அதில் கையெழுத்து விழுந்தால், 13ஆம் கட்டம் குறைப்பட்டுத்தான் வரும். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் சரிபார்க்காமல் ஒப்பமிட்டுவிட்டு வருகிறவர்களே அதிகம்.

2009இல் தொடங்கிய 'மாவ்னி' திட்டம், நிரந்தர வதிவுரிமை இல்லாதவர்களையும் மொழியறிவுக்காகப் படையில் சேர்த்தது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் சிங்களமும் இருந்தன. 2016இல் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த வழியிலோ பச்சை அட்டையுடனோ சேர்ந்து, சேவை முடித்து, இப்போது யாழ்ப்பாணத்தில் தங்கியிருப்பவருக்கும் இங்கேயுள்ள அவருடைய குடும்பத்துக்கும் உரியது இந்தக் கட்டுரை. தரைப்படையை வைத்தே எழுதியிருக்கிறோம். கடற்படை, விமானப்படை, மரைன் படை ஆகியவற்றில் அலுவலகங்களும் விதிகளும் வேறு. கோவையை எடுப்பதும், பதிவைத் திருத்தக் கேட்கும் டி.டி. 149 படிவமும் எல்லோருக்கும் பொது.

ஒன்றை முதலிலேயே மனதில் இருத்துங்கள். இந்த வேலையில் உங்கள் வீரத்தை யாரும் எடைபோடப் போவதில்லை. தாள் இருக்கிறதா, அந்தத் தாளில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். கோபத்தோடு நாலு பக்கக் கடிதம் எழுதியவர் காத்திருக்க, ஒரு பக்க ஆணையை இணைத்தவருக்குத் திருத்தம் வந்து சேர்ந்துவிடும்.

முதலில் 214ஐயே ஒழுங்காக வாசியுங்கள்

'விடுபட்டது' என்று நினைப்பவற்றில் ஒரு பகுதி விடுபட்டிருக்காது. 13ஆம் கட்டம் சிறியது. இடம் போதாவிட்டால் எழுதுநர் '18ஆம் கட்டத்தில் தொடர்கிறது' என்று சுருக்கமாகக் குறித்துவிட்டு, மீதியைக் குறிப்புகளுக்கான 18இல் போட்டிருப்பார். பதக்கப் பெயர்களுக்கு இடையில் இரட்டைச் சாய்கோடு இருக்கும். பட்டியல் முடிந்த இடத்தில் 'இதற்குப் பின் எதுவுமில்லை' என்ற பொருளில் ஒரு தொடர் வரும். அந்தத் தொடர் வரும்வரை விரல் வைத்து வாசியுங்கள். வெளிநாட்டுப் போர்க்களத்தில் இருந்த நாட்டின் பெயரும் தொடக்க, முடிவுத் திகதிகளும் 18இல்தான் வழக்கமாக வரும். இந்த ஒரு வரி பின்னால் உங்களுக்குப் பெரிய சான்றாகும்.

எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரே பதக்கத்தை இரண்டு தடவை பெற்றிருந்தால் 'இரண்டாம் வழங்கல்' என்று இருக்கவேண்டும். போர்க்களப் பதக்கத்தோடு வரும் நட்சத்திரங்களின் எண்ணிக்கை பிழைப்பது மிகச் சாதாரணம். பதக்கம் இருக்கிறது, நட்சத்திரம் ஒன்று குறைகிறது என்றால் அதுவும் திருத்தத்துக்கு உரியதுதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரு டி.டி. 214 அது குறிக்கும் காலத்துக்கு மட்டுமே பொறுப்பு. சேமப்படையிலோ தேசியக் காவற்படையிலோ இருந்தவருக்குப் பயிற்சிக் காலத்துக்கு மட்டும் ஒரு 214 இருக்கலாம். அதற்குப் பிறகு கிடைத்த விருது அந்தத் தாளில் வராது, வரவும் கூடாது. காவற்படையினருக்கு என்.ஜி.பி. 22 என்று தனிப் படிவம் உண்டு. அதைத் திருத்துவது அந்தந்த மாநிலத்தின் படைத் தலைமையகம்.

கையில் இருப்பது எந்தப் பிரதி என்பதையும் கவனியுங்கள். குறும்பிரதியில் விலகலின் தன்மை, காரணம் போன்ற கீழ்க்கட்டங்கள் இராது. முழுப்பிரதியைத்தான் எல்லா விண்ணப்பத்துக்கும் இணைக்கவேண்டும். 29ஆம் கட்டம் முழுப்பிரதியில்தான் வரும். அனுமதியில்லாமல் இல்லாதிருந்த நாட்கள் போன்ற 'இழந்த காலம்' அதில் பதிவாகும். அங்கே ஏதாவது இருந்தால் நன்னடத்தைப் பதக்கம் கேட்பதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

முழுக் கோவையையும் எடுத்துக்கொள்ளுங்கள்

கடிதம் எழுத அவசரப்படாதீர்கள். முதலில் உங்கள் முழுச் சேவைக் கோவையையும் வரவழையுங்கள். முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களத்தில் உள்ள கோவை வேறு, சேவைக் கோவை வேறு. முன்னையது சிகிச்சை, கொடுப்பனவு சம்பந்தப்பட்டது; ஆணைகளைத் தேடவேண்டியது பின்னையதில்.

அண்மைக் காலத்தில் விலகியவர்களின் கோவை முழுதும் மின்வடிவில் இருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் 'மில்கனெக்ட்' இணையத்தளத்தில் கணக்கு உள்ளவர்கள் அங்கேயே கோரலாம்; இருப்பவற்றில் விரைவான வழி அது. கணக்கு இல்லாவிட்டால் சென் லூயிஸில் உள்ள தேசிய ஆளணிப் பதிவு நிலையத்துக்கு எழுதவேண்டும். அதன் இணையக் கோரிக்கை முறை அடையாளச் சரிபார்ப்பைக் கேட்கும். அமெரிக்கத் தொலைபேசி எண் இல்லாமல் இங்கிருந்து செய்யும்போது அது சில வேளை இழுபடும். இழுபட்டால் மல்லுக்கட்டாமல், சேவைக் கோவையைக் கோரும் எஸ்.எப். 180 படிவத்தை அச்செடுத்து நிரப்பித் தபாலிலோ தொலைநகலிலோ அனுப்புங்கள்.

எஸ்.எப். 180இல் தவறு நடக்கும் இடங்கள் நாலு. முதலாவது, பெயர்: சேவையில் இருந்தபோது எந்தப் பெயரோ அந்தப் பெயர், இன்றைய கடவுச்சீட்டுப் பெயரல்ல. இரண்டாவது, என்ன வேண்டும் என்ற பகுதி. வெறுமனே 214 பிரதி என்ற பெட்டியில் மட்டும் புள்ளடி போட்டால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள தாளே திரும்பி வரும். சேவைக் கோவை முழுவதும் வேண்டும் என்று குறித்து, 'எல்லா விருது ஆணைகள், பரிந்துரைகள், நியமன, இடமாற்ற ஆணைகள் உட்பட' என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதுங்கள். மூன்றாவது, ஒப்பம்: பேனையால் இட்ட ஒப்பமும் திகதியும் இல்லாத படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாலாவது, திகதி. நாங்கள் நாள், மாதம், ஆண்டு என்று எழுதிப் பழகியவர்கள். அவர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறவர்கள். 05/04 என்று போட்டால் ஏப்ரலா மே மாதமா என்ற குழப்பம் உங்கள் கோவையில் நிரந்தரமாகத் தங்கிவிடும். மாதப் பெயரை எழுத்தில் எழுதுங்கள்.

விலகி 62 ஆண்டுகள் கடக்காதவர்களின் கோவைக்கு அவரிடமிருந்தோ நெருங்கிய உறவினரிடமிருந்தோ கட்டணம் வாங்குவதில்லை. அதைத் தாண்டியவை ஆவணக் காப்பகப் பதிவுகளாகிவிடும். யாரும் பணம் கட்டிப் பிரதி எடுக்கலாம். பழைய தலைமுறையினர் விடயத்தில் 1973 ஜூலை 12இல் அந்த நிலையத்தில் ஏற்பட்ட தீ நினைவில் இருக்கட்டும். 1 கோடியே 60 இலட்சத்துக்கும் 1 கோடியே 80 இலட்சத்துக்கும் இடைப்பட்ட கோவைகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை விலகிய தரைப்படையினரின் கோவைகளில் ஏறத்தாழ 80 வீதம் போய்விட்டது. அப்படிப்பட்டவருக்குச் சம்பளப் பதிவுகளையும் படைப்பிரிவின் அன்றாடக் காலை அறிக்கைகளையும் கொண்டு கோவையைத் திரும்பக் கட்டவேண்டியிருக்கும்.

தொலைபேசியில் விசாரிப்பதென்றால், சென் லூயிஸ் நேரம் எங்களுடையதைவிட பதினொன்றரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே கோடைகால நேரம் நடைமுறையில் இருக்கும்போது பத்தரை. இங்கே பகலில் அழைத்துப் பயனில்லை, இரவுச் சாப்பாட்டு நேரம்தான் அவர்களின் காலை. கோரிக்கை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

எந்தப் பதக்கத்துக்கு எது சான்று

பதக்கங்கள் எல்லாம் ஒரு தரம் அல்ல. மூன்று கூறாகப் பிரித்துப் பார்த்தால் வேலை இலகு.

முதற்கூறு, இருந்தாலே கிடைப்பவை. குறித்த காலத்தில், குறித்த இடத்தில் சேவையில் இருந்தால் போதும். தனிப்பட்ட ஆணை தேவையில்லை. தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கத்துக்கு 2001 செப்டெம்பர் 12 முதல் 2022 டிசம்பர் 31 வரையான காலத்தில் முழுநேரச் சேவையில் இருந்திருக்கவேண்டும். ஈராக் போர்க்களப் பதக்கத்துக்கு 2003 மார்ச் 19 முதல் 2011 டிசம்பர் 31 வரையான காலத்தில் தொடர்ச்சியாக 30 நாளோ, விட்டுவிட்டு 60 நாளோ அங்கே இருந்திருக்கவேண்டும். கொரியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கத்துக்கும் அதே 30, 60 கணக்குத்தான். இவற்றுக்குச் சான்று, இடமாற்ற ஆணை, 18ஆம் கட்டத்து வரி, அந்த மாதங்களின் சம்பளச் சீட்டு. சம்பளச் சீட்டில் ஆபத்துப்பிரதேசக் கொடுப்பனவும் வரி விலக்கும் எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் நின்றது என்று பார்த்தால், போய்ச் சேர்ந்த மாதமும் திரும்பிய மாதமும் தானாகப் பிடிபடும். பழைய சம்பளச் சீட்டுகளை எறியாதீர்கள்.

இங்கே பலரும் சறுக்குகிற இடம் குவைத். குவைத்தில் மட்டும் இருந்தவருக்கு ஈராக் போர்க்களப் பதக்கம் கிடையாது; பயங்கரவாதத்துக்கு எதிரான போரின் வெளிக்களப் பதக்கம்தான் உரியது. ஒரே காலத்துக்கு இரண்டையும் கேட்கவும் முடியாது. குவைத்திலிருந்து ஈராக்குக்குள் போய்வந்தவர் தன் நாட்களை எண்ணி 60 வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

இரண்டாவது கூறு, யாரோ ஒருவர் ஒப்பமிட்டால் மட்டுமே கிடைப்பவை: பாராட்டுப் பதக்கம், சாதனைப் பதக்கம், வெண்கல நட்சத்திரம் போன்றவை. இவற்றுக்குப் பரிந்துரைப் படிவம் டி.ஏ. 638. அதன் இறுதிப் பகுதியில் அனுமதிக்கும் அதிகாரியின் ஒப்பமும் நிரந்தர ஆணை இலக்கமும் இருக்கும். அந்த இலக்கம்தான் உயிர்நாடி. சுவரில் மாட்டியுள்ள சான்றிதழ் நல்ல துணைச்சான்று. ஆனால் அதிலும் ஆணை இலக்கமும் திகதியும் அச்சாகியிருக்கின்றனவா என்று கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் கீழ் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும். பரிந்துரை எழுதப்பட்டது, அனுமதி வரவில்லை என்றால் விருது இன்னும் பிறக்கவில்லை என்றுதான் கணக்கு.

நன்னடத்தைப் பதக்கம் இந்தக் கூறுக்குள் வந்தாலும் ஒரு தனிப் பிறவி. தொடர்ச்சியான மூன்றாண்டு சேவைக்குத் தரப்படுவது, ஆனால் தானாக வருவதல்ல. கட்டளை அதிகாரி ஆணை வெளியிடவேண்டும். நாலாண்டு ஒப்பந்தத்தை ஒரு குற்றச்சாட்டும் இல்லாமல் முடித்தவரின் 214இல் இது இல்லாவிட்டால், இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: எழுதுநர் மறந்திருப்பார், அல்லது கட்டளை அதிகாரி தகுதியின்மை என்று கடிதம் வைத்திருப்பார். கோவையைப் பார்க்காமல் எது என்று சொல்லமுடியாது. கடிதம் எதுவும் இல்லை, ஆணையும் இல்லை என்றால் கீழ்மட்டத்தில் தீராமல், படைப் பதிவுகளைத் திருத்தும் சபைவரை போகவேண்டி வரலாம்.

மூன்றாவது கூறு, சம்பவத்தோடு ஒட்டியவை. ஊதா இதயப் பதக்கத்துக்கு எதிரியின் செயலால் காயம் என்பதற்கும், அதற்கு மருத்துவ அலுவலர் சிகிச்சை தந்தார் என்பதற்கும் அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட பதிவு வேண்டும். வாகனம் புரண்டு கை முறிந்தது என்றால் அது எதிரியின் செயலா, விபத்தா என்ற கேள்விதான் முதலில் வரும். போர்ச்செயல் சின்னம் 2005இல் உருவாக்கப்பட்டது; 2001 செப்டெம்பர் 18க்குப் பின் நடந்த சம்பவங்களுக்கும் பொருந்தும். காலாட்படையைச் சேராதவர்கள் இதையே கேட்கலாம். அருகே குண்டு விழுந்தது என்று சொன்னால் போதாது. எந்த இடம், எந்தத் திகதி, எவ்வளவு தூரம், யார் உடனிருந்தார் என்பதெல்லாம் வேண்டும்.

படைப்பிரிவுக்கு மொத்தமாகக் கிடைக்கும் பாராட்டுகளும் உண்டு. பலர் விலகிய பிறகே இவை அறிவிக்கப்படுவதால் 214இல் வராமலே போய்விடும். அந்தப் பாராட்டு குறிக்கும் காலத்தில் நீங்கள் அந்தப் பிரிவில் நியமனம் பெற்றிருந்தீர்கள் என்று ஆணையால் காட்டினால் நிரந்தரமாக அணியும் உரிமை உங்களுக்கு. இலேசாக வெல்லக்கூடிய திருத்தம் இது. முதலில் இதைத் தேடிப் பாருங்கள்.

சக வீரர் தரும் வாக்குமூலம்

சம்பவம் சார்ந்த பதக்கங்களுக்கு நேரில் கண்டவரின் எழுத்து பெரிதும் உதவும். அவர் அன்றைக்கு என்ன தரம், எந்தப் பிரிவு, எங்கே நின்றார், எதைக் கண்டார், எதைக் கேட்டார் என்று தன் சொல்லில் எழுதவேண்டும். மூன்று பேர் தந்த வாக்குமூலமும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால், ஒருவரே எழுதி மூவரிடம் ஒப்பம் வாங்கியது என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். நினைவில்லாத திகதியை ஊகித்து எழுதவும் விடாதீர்கள். 'ஏப்ரல் இரண்டாம் கிழமை அளவில்' என்று எழுதினால் பிழையில்லை.

எங்கள் ஊர்ப் பழக்கத்தில் உடனே சமாதான நீதவானைத் தேடிப் போகத் தோன்றும். தேவையில்லை. அமெரிக்காவுக்கு வெளியே ஒப்பமிடும் கூற்றை, 'அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டங்களின் கீழ், பொய்ச்சாட்சிக்கான தண்டனைக்கு உட்பட்டு, மேற்கூறியது உண்மை' என்ற பொருள் தரும் ஆங்கில வாசகத்தோடும் திகதியோடும் முடித்தால், அந்த நாட்டுச் சட்டமே அதைச் சத்தியக்கடதாசிக்கு நிகராக ஏற்கிறது. கொழும்புத் தூதரகத்துக்கு ஏறி இறங்கும் செலவும் மிச்சம். அதேபோல கிராம அலுவலரின் நற்சாட்சிப் பத்திரமும் கல்லூரி அதிபரின் நற்சான்றும் இங்கே எடுபடா. அவர்கள் களத்தில் நிற்கவில்லை.

எந்தக் கதவைத் தட்டுவது

சான்று கையில் வந்த பிறகு, பதக்கத்தின் நிலையைப் பொறுத்து வழி பிரியும்.

ஆணை இருக்கிறது, 214இல் மட்டும் ஏறவில்லை என்றால் அது வெறும் எழுத்துப் பிழை. கென்டக்கி மாநிலத்தின் போர்ட் நொக்ஸில் உள்ள தரைப்படை மனிதவளக் கட்டளையகத்துக்கு ஒரு பக்கக் கடிதமும் இணைப்புகளும் போதும். அவர்கள் ஏற்றால் டி.டி. 215 என்ற திருத்தப் படிவத்தை வெளியிடுவார்கள். பழைய 214ஐத் திரும்ப அடிப்பது இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்திருக்கவேண்டும்.

விருது அன்றைக்கே பரிந்துரைக்கப்படவில்லை, அல்லது பரிந்துரை தொலைந்துபோனது என்றால் வேறு பாதை. தரைப்படை விதிப்படி சம்பவம் நடந்து குறித்த காலத்துக்குள் பரிந்துரை உள்ளே போயிருக்கவேண்டும். விருதை வழங்குவதற்கும் ஒரு காலக்கெடு உண்டு. அந்தக் காலம் கடந்தவற்றை அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பு 1130ஆம் பிரிவின் கீழ் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் மூலமாகத்தான் கொண்டுபோக முடியும். நீங்களே நேரில் அனுப்பினால் படிக்காமலே திருப்பிவிடுவார்கள். அமெரிக்காவில் கடைசியாகக் குடியிருந்த தொகுதியின் உறுப்பினர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அங்கே படைவீரர் விடயங்களைப் பார்க்கவென்றே ஓர் அலுவலர் இருப்பார். உங்கள் தகவல்களைப் பெற ஒரு தனியுரிமைச் சம்மதப் படிவத்தில் ஒப்பம் கேட்பார். டி.ஏ. 638ஐ நிரப்பவேண்டியது நீங்கள் அல்ல, அன்றைய உங்கள் மேலதிகாரியோ சம்பவத்தை நேரில் அறிந்த வேறொருவரோ. தனக்குத் தானே பரிந்துரை எழுதுவது செல்லாது.

கட்டளையகம் மறுத்துவிட்டது, அல்லது அவர்களுக்கு அதிகாரமில்லை என்று பதில் வந்தது என்றால், கடைசியாகத்தான் திருத்தச் சபை.

டி.டி. 149: திருத்தச் சபைக்கு விண்ணப்பம்

தரைப்படைப் பதிவுத் திருத்தச் சபையில் தீர்ப்பவர்கள் குடிசார் அலுவலர்கள். ஒரு விண்ணப்பத்துக்கு மூவர். விண்ணப்பம் இலவசம். சட்டத்தரணி கட்டாயமில்லை. அமெரிக்கன் லீஜியன், டி.ஏ.வி. போன்ற முன்னாள் படையினர் அமைப்புகளின் பிரதிநிதிகள் பணம் வாங்காமல் உதவுவார்கள், அதைப் பயன்படுத்துவதே புத்தி.

சபை ஒரு முன்முடிவோடுதான் உட்காரும்: அன்றைக்கு அலுவலர்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள் என்று. இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு உங்களுடையது. கீழுள்ள வழிகளை முதலில் முயன்றீர்களா என்றும் பார்க்கும். கட்டளையகத்தின் மறுப்புக் கடிதத்தை இணைக்காமல் அனுப்பிய விண்ணப்பம் 'முதலில் அங்கே போ' என்று திரும்பி வரும். அதற்குள் பல மாதங்கள் வீண்.

படிவத்தில் என்ன திருத்தம் வேண்டும் என்ற கட்டத்தில் கதை வேண்டாம். 'என் டி.டி. 214இன் 13ஆம் கட்டத்தில் இன்ன பதக்கத்தை, இன்ன இலக்க ஆணையின்படி சேர்க்கவும்' என்று ஒரு வசனம். ஏன் பிழை அல்லது அநீதி என்ற கட்டத்தில் விளக்கம். இடம் போதாவிட்டால் தனித்தாள். பிழையைக் கண்டறிந்த திகதியைக் கேட்கும் கட்டம்தான் பலருக்குச் சிக்கல். கண்டறிந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்பது விதி. 214இல் நீங்களே ஒப்பமிட்டதால் அன்றைக்கே தெரிந்திருக்கவேண்டும் என்று சபை எடுத்துக்கொள்ளக் கூடும். காலம் கடந்திருந்தாலும் பயப்படவேண்டாம். நீதியின் பொருட்டுக் காலத்தடையை விலக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. அதற்கென உள்ள கட்டத்தை வெறுமையாக விடாமல் உண்மைக் காரணத்தை எழுதுங்கள்: கோவைப் பிரதி இன்ன மாதம்தான் கைக்கு வந்தது, படைப்பிரிவுப் பாராட்டு விலகிய பிறகே அறிவிக்கப்பட்டது என்பது போல. நேரில் தோன்ற விருப்பமா என்று கேட்பார்கள். விரும்புவதாகக் குறித்தாலும் பெரும்பாலும் தாளை வைத்தே முடிப்பார்கள்.

இணைப்புகளுக்கு இலக்கமிடுங்கள். முதற்பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை: பதக்கம், காலம், சான்று, இணைப்பு இலக்கம். வாசிப்பவர் அரைமணி நேரம் தேடவேண்டியிருந்தால் உங்களுக்குத்தான் நட்டம். மூலப்பிரதி எதையும் அனுப்பாதீர்கள், எதுவும் திரும்பி வராது.

சபை சில வேளை கட்டளையகத்திடம் கருத்துக் கேட்டு, அந்தக் கருத்தை உங்களுக்கும் அனுப்பி, பதில் சொல்லக் காலக்கெடு தரும். இந்தக் கடிதம் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்வதற்குள் கெடு பாதி கழிந்துவிடும். அதனால் மின்னஞ்சல் முகவரியை மறக்காமல் எழுதுங்கள், இணையவழி விண்ணப்பத்தையே முடிந்தவரை பயன்படுத்துங்கள். 90 வீதமான விண்ணப்பங்களை 10 மாதத்துக்குள்ளும் எல்லாவற்றையும் 18 மாதத்துக்குள்ளும் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே ஆறாம் மாதத்தில் பதறி இரண்டாவது விண்ணப்பம் போடாதீர்கள்; இரண்டும் ஒன்றோடொன்று சிக்கி இன்னும் தாமதமாகும். மறுத்தாலும் புதிய சான்று கிடைத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். அதே தாள்களைத் திரும்ப அனுப்புவது புதிய சான்று ஆகாது.

எங்கள் பெயர்கள் தரும் தலையிடி

யாழ்ப்பாணத்தவருக்கு மட்டுமே உரிய தொல்லை இது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அதற்கு முன்னால் தகப்பன் பெயர். கடவுச்சீட்டில் இரண்டும் ஒட்டியபடி. படையில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராகி, சீருடையின் நெஞ்சுப் பட்டியிலும் அதுவே ஏறியிருக்கும். அடிப்படைப் பயிற்சியின் முடிவில் குடியுரிமை பெற்றபோது சிலர் நீண்ட பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள். இதனால் முதலாண்டு ஆணை ஒரு பெயரில், பின்னாண்டு ஆணை இன்னொரு பெயரில், 214 மூன்றாவது வடிவில். கோவையைத் தேடுபவர் சமூகப் பாதுகாப்பு இலக்கத்தைக் கொண்டு ஆளைப் பிடிப்பார். ஆனால் ஆணையில் பெயர் மட்டும் இருந்தால் தடுமாறுவார். குடியுரிமைச் சான்றிதழின் பிரதியையும், எல்லாப் பெயர்வடிவங்களும் ஒருவரையே குறிக்கும் என்ற ஒரு பத்திக் கூற்றையும் முதல் இணைப்பாக வையுங்கள். தமிழில் உள்ள அத்தாட்சிப் பத்திரம் எதையும் ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாமல் அனுப்பாதீர்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை இருக்கட்டும், பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டு 214இல் உள்ளதுபோலவே இருக்கவேண்டும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஸ்கான் எடுக்கத் தொடர்பகத்துக்குப் போவீர்கள். 214இலும் ஆணைகளிலும் சமூகப் பாதுகாப்பு இலக்கம் முழுதாக இருக்கக்கூடும். கடைக் கணினியில் கோப்பை விட்டுவிட்டு வராதீர்கள், கடைக்காரரின் வட்ஸ்அப்புக்கு அனுப்பி அச்செடுக்கவும் வேண்டாம். உங்கள் சொந்த பென்டிரைவில் போட்டு, கடைக் கணினியிலிருந்து கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். அமெரிக்கப் படிவங்கள் எமது ஏ4 தாளைவிடக் கொஞ்சம் அகலமும் குறைந்த உயரமும் கொண்டவை. அச்செடுக்கும்போது தாளுக்குப் பொருத்தும் தெரிவைப் போடாவிட்டால் ஓரத்துக் கட்டங்கள் வெட்டுப்பட்டுப் போகும்.

சாதாரணத் தபாலை நம்பவேண்டாம். பதிவுத்தபால் அல்லது துரிதத் தபால், பற்றுச்சீட்டை விண்ணப்பப் பிரதியோடு குத்தி வையுங்கள். பதில் வரவேண்டிய முகவரியில் வீதி, ஒழுங்கை, 40000 என்ற தபால் குறியீடு, கடைசி வரியில் நாட்டின் பெயர் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும். அமெரிக்காவில் நம்பிக்கையான உறவினர் இருந்தால் எஸ்.எப். 180இல் அவர் முகவரிக்கு அனுப்பும்படி குறித்து ஒப்பமிடலாம். பல வேளை இதுவே சுகம்.

அவர் உயிரோடு இல்லாவிட்டால்

கோவையைக் கேட்கும் உரிமை மறுமணம் செய்யாத வாழ்க்கைத் துணைக்கும் தாய், தகப்பன், மகன், மகள், சகோதரன், சகோதரிக்கும் உண்டு. மருமகனோ பேரனோ நேரடியாகக் கேட்கமுடியாது. உரியவர் ஒப்பமிட்ட சம்மதம் வேண்டும். இறப்பு அத்தாட்சிப் பத்திரமும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் உறவைக் காட்டும் பிறப்பு அல்லது விவாக அத்தாட்சிப் பத்திரமும் இணைக்கவேண்டும். இங்கே முதுமையில் உள்ள தாய்தான் உரியவர் என்றால் அவரே ஒப்பமிடட்டும். தமிழில் ஒப்பமிட்டாலும் பரவாயில்லை, கீழே ஆங்கிலத்தில் பெயரை அச்செழுத்தில் எழுதிவிடுங்கள்.

215 கைக்கு வந்த பிறகு

டி.டி. 215ஐ வரி வரியாக வாசியுங்கள். திருத்தத் தாளிலும் பிழை வருவதுண்டு. பழைய 214இல் கையால் எதையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். எழுதினால் அந்தத் தாளே செல்லாததாகிவிடும். பதிவில் ஏறுவதும் பதக்கம் கைக்கு வருவதும் வெவ்வேறு வேலைகள். பதக்கத்தை எஸ்.எப். 180 மூலமாகத் தனியே கோரவேண்டும்; படைவீரருக்கு வழமையாகக் கட்டணம் இல்லை. இணையத்தில் விற்கிற பதக்கங்களை வாங்கி மாட்டிக்கொண்டு பதிவைப் பின்னால் சரிசெய்யலாம் என்று நினைக்கவேண்டாம். உரிமையில்லாத சில பதக்கங்களைக் காட்டிப் பயன்பெற முயல்வது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே குற்றம்.

முன்னாள் படையினர் விவகாரத் திணைக்களத்துக்கு 215இன் பிரதியை நீங்களே அனுப்பவேண்டும், படைத் தலைமையகம் அனுப்பிவைக்கும் என்று காத்திருக்காதீர்கள். ஊதா இதயப் பதக்கம் ஏறியிருந்தால் சிகிச்சைப் பதிவில் முன்னுரிமை வகுப்பு மாறும், அதனால் அந்தப் பிரதி முதலில் போகட்டும். அனுப்பிய திகதியை உங்கள் கோவையின் முன்னட்டையில் எழுதிவையுங்கள்.